பெட்டிகள் சுமக்கும் பாரம்: நான்கடிக்கு ஓர் உரை

எங்கள் கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர்போன ஊர். எனக்குப் பிழைப்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பவர் பிளான்ட். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் பெட்டிகள் பல, அங்கே ஒரே பஸ்பாரில் சேர்ந்து வேலை செய்யும். புதிதாக வரும் பிள்ளைகளுக்காக நான் கட்டிய நூற்பா இது:

ஒத்த பெட்டியும் ஒன்றுபோல் சுமவா
அழுத்தம் மிக்கதே அனைத்தும் சுமக்கும்
சுமைக்குத் தாழ்வதே பகிர்வின் சூத்திரம்
வேண்டிய தோடொன்று மேலும் வைக்க

ஒத்த பெட்டியும் ஒன்றுபோல் சுமவா: ஒரே மாடல், ஒரே நாளில் மாட்டியவை. ஆனாலும் 54 வோல்ட்டுக்கு வைத்த இரண்டில் ஒன்று 54.0 காட்டும், மற்றது 53.9. ‘பெட்டியும்’ என்ற உம்மை உயர்வு சிறப்பு: ஒத்தவற்றுக்கே இக்கதி என்றால் ஒவ்வாதவற்றைச் சொல்லவே வேண்டாம்.

அழுத்தம் மிக்கதே அனைத்தும் சுமக்கும்: 0.1 வோல்ட் அற்பமாகத் தோன்றும். பெட்டிக்கும் பஸ்பாருக்கும் இடையே 5 மில்லிஓம் தடை என்று வையுங்கள். 0.1-ஐ 0.005-ஆல் வகுத்தால் 20. லோடு 20 ஆம்பியர் என்றால் முதல் பெட்டியே அத்தனையும் தரும். மற்றது சும்மா நிற்கும். ஏகாரம் பிரிநிலை. அப்பளம் இடும் வீட்டில் கை வேகமுள்ளவளுக்கே உருண்டையெல்லாம் போய்ச் சேருவது போல. ஓயாமல் சுமக்கும் பெட்டி சூடேறும். 10 டிகிரி கூடினால் உள்ளேயிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சுமைக்குத் தாழ்வதே பகிர்வின் சூத்திரம்: கரண்ட் கூடக்கூடப் பெட்டி தன் வோல்ட்டைத் தானே சற்று இறக்கிக்கொள்ளும்படி அமைப்பது. தடையையும் சேர்த்து ஆம்பியருக்கு 0.1 வோல்ட் இறங்கட்டும்; அதே 20 ஆம்பியர் 10.5, 9.5 எனப் பிரியும். கை வேகமுள்ளவளும் இடஇடக் களைப்பாள். அடுத்த உருண்டை பக்கத்துப் பலகைக்குப் போகும். இதற்கு விலை உண்டு: பஸ்பார் 52.95-க்கு இறங்கிவிடும். அந்த விலை கொடுக்க மனமில்லாதவர்கள் பெட்டிகளுக்கிடையே ஷேரிங் ஒயர் இழுப்பார்கள். ஒவ்வொன்றும் கரண்ட்டின் சராசரியைப் பார்த்துத் தன் வோல்ட்டைத் திருத்திக்கொள்ளும். எங்கள் ஊர் ஆற்றின் மேலே பாபநாசம் மின்நிலையத்தில் தலா 8 மெகாவாட்டில் நான்கு எந்திரங்கள். ஜெனரேட்டர்களைச் சேர்த்து ஓட்டுவதிலும் இதே சூத்திரம்தான். அங்கே தாழ்வது வேகம், தாழ்த்துவது கவர்னர்.

வேண்டிய தோடொன்று மேலும் வைக்க: லோடு 100 ஆம்பியர், பெட்டிக்கு 25 என்றால் நான்கு போதும், ஐந்து வைக்கிறோம், தலா 20. ஒன்று செத்தால் மற்ற நான்கும் 25-க்கு ஏறும். செத்தது ஷார்ட்டாகிப் பஸ்பாரைக் கீழே இழுக்காதபடி வாசலில் டையோடு காவல் நிற்கும். ஆனால் மூன்றாம் அடி இல்லாமல் நான்காம் அடி நிற்காது. பகிராத வரிசையில் ஐந்தாம் பெட்டி பச்சை விளக்கு எரிய வெறுமனே கிடக்கும். அது சுமக்குமா என்பது, சுமந்தே ஆக வேண்டிய ராத்திரியில்தான் தெரியும்.