துண்டிப்பதா, காப்பதா: திறந்த எலும்பு முறிவை மதிப்பிடும் முறையின் வளர்ச்சி

தோலைக் கிழித்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் காலை வெட்டியெடுப்பதே 19ஆம் நூற்றாண்டின் பாதிவரை பெருவழக்கு. உயிரைக் குடித்தது முறிவன்று, சீழ். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது.

1898இல் அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக், கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் இட்டுச் சோதித்தார். அதிலிருந்து கிளைத்த, ஆறு மணி நேரத்துக்குள் காயத்தைச் சுத்திகரித்துவிட வேண்டும் என்ற ‘ஆறு மணி நேர விதி’ ஒரு நூற்றாண்டு அறுவை அரங்குகளை ஆண்டது. மனிதர்களிடம் நடந்த பிந்தைய ஆய்வுகள் அவ்விதியை உறுதிப்படுத்தவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக், அனுபவமுள்ள கைகளால் முழுமையான சுத்திகரிப்பு என்பதே இன்றைய முறை. ஆனால் சாக்கடையோ ஆற்றுச் சேறோ கலந்த காயத்துக்குக் காத்திருப்பு கிடையாது.

இந்த விதிவிலக்கு மலேசியாவின் ஜார்ஜ்டவுனுக்கு நேரடியாகப் பொருந்தும். நகரக் கழிவுகளால் நெடுங்காலம் மாசுபட்ட சுங்கை பினாங் ஆறு குடியிருப்புகளின் ஊடே ஓடுகிறது. மலேசியச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றோருடையவை. இங்கே காயத்தின் நீளத்தை அளப்பதைவிட அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதே முதன்மையானது.

ஆனால் திறந்த முறிவுகளுக்கு 1976இல் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் வகுத்த பகுப்பு காயத்தின் அளவிலிருந்துதான் தொடங்கியது. 1984இல் அதன் மிகக் கடுமையான மூன்றாம் வகை ஏ, பி, சி என மேலும் பிரிக்கப்பட்டது. அப்போதும், எளிதில் காப்பாற்றக்கூடிய காலும் கைவிட்டுப்போகும் நிலையிலுள்ள காலும் ‘3பி’ என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டன. 1990இல் சிதைந்த கைகால்களுக்கென வந்த ‘மெஸ்’ மதிப்பெண் 7ஐத் தொட்டால் துண்டிக்கலாம் என்றது. இரத்த ஓட்டத்துக்கு அது மிகுந்த எடை கொடுத்ததால், ஓட்டம் சீராக இருந்தும் தசையும் தோலும் சிதைந்த கால்களுக்கு அதனால் வழிகாட்ட இயலவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது கோயம்புத்தூர். கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு, 109 திறந்த கீழ்க்கால் முறிவுகளை ஆராய்ந்து 2006இல் புதிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். தோல் இழப்பில்லாத, முறிவின்மேல் அமையாத காயத்துக்கு 1. காலைச் சுற்றிலும் தோல் போயிருந்தால் 5. இவற்றோடு சுத்திகரிப்பில் 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதம், சாக்கடைக் கலப்பு, 65 வயதுக்கு மேற்பட்ட முதுமை, குறைந்த இரத்த அழுத்தம் போன்ற ஏழு காரணிகளுக்குத் தலா 2. சேறும் காலதாமதமும் கணக்கில் ஏறியது நம் ஊர்களின் நடைமுறையை அறிந்தவர்கள் செய்த வேலை என்றே கருதுகிறேன்.

கூட்டுத்தொகை 14 வரை இருந்தால் காலைக் காக்கலாம். 17ஐ எட்டினால் துண்டிப்பதே நோயாளிக்கு நல்லது. 15, 16 என்றால் எண்ணைக் கொண்டு மட்டும் முடிவெடுக்கக் கூடாது. எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்த்து, நோயாளியின் தொழிலையும் குடும்பத்தின் நிலையையும் கேட்டறிந்த பிறகே தீர்மானிக்க வேண்டும். முந்தைய அளவுகோல்கள் ஒற்றைக் கோட்டைக் கிழித்து இருபுறமும் பிரித்தன. இந்த முறை அந்தக் கோட்டிலேயே ஓர் உரையாடலுக்கு இடம் விட்டது.