மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? வால்வு ஆம்பிளிபையர்களின் வரலாறு



எங்கள் தோட்டப் பள்ளியின் சாமான் அறையில் நெடுநாளாக ஒரு மரப்பெட்டி கிடந்தது. சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் அறையைத் துப்புரவு செய்தபோது அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே இரும்பாலான இரண்டு கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலைமீதும் ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் நின்றன. ஒன்றைத் தூக்குவதற்கே இரண்டு கைகள் வேண்டியிருந்தன. தோட்டத்தை விட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவற்றைப் பெரிய கிராணியிடம் விட்டுச் சென்றாராம். கிராணியின் குடும்பத்தார் பிற்காலத்தில் அவற்றைப் பள்ளிக்கு அளித்துவிட்டனர். 'குவாட்' என்ற பெயர் அவற்றின்மேல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

செய்தி எப்படியோ பட்டணத்திற்கு எட்டிவிட்டது. மின்பொருள் வியாபாரி ஒருவர் மறு வாரமே வந்து நின்றார். "சார், இந்த இரண்டு பழைய சாமானையும் கொடுங்கள். மைக்கோடு புதிய செட் ஒன்று இன்றைக்கே இறக்கிவிடுகிறேன்" என்றார். எங்களுக்கோ காலைச் சபைகூடலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த நேரம். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உடனே சம்மதம் என்றார். ஆனால் ஒன்று எங்களை உறுத்தியது. பயனற்ற பழைய சாமானுக்காக ஒரு வியாபாரி புதிய செட்டைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? விடை தேடப் புகுந்தபோதுதான் ஆம்பிளிபையரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆம்பிளிபையர் என்பது யாது? ஒலியை வெளியே விடும் ஸ்பீக்கரையே நாம் பேச்சு வழக்கில் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் ஒலிக்குரிய மின்னோட்டத்தைப் பெருக்குவது அதற்கு முன்னால் இருக்கும் ஆம்பிளிபையர்தான். தண்ணீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். கைப்பிடியை விரலால் சிறிது அசைத்தால் உள்ளே பெரிய நீரோட்டம் கூடிக் குறைகிறது. அதுபோலவே, வால்வு என்னும் கண்ணாடிக் குமிழுக்குள் சிறிய மின்சாரம் பெரிய மின்சாரத்தை ஆட்டிவைக்கிறது.

1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் என்பவர் இரண்டு முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். அதனால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செலுத்த முடிந்தது, பெருக்க முடியவில்லை. ஈராண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாகக் கம்பி வலை ஒன்றைச் சேர்த்தார். அதுவே நாம் முன்பு சொன்ன கைப்பிடி. 1915ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசியில் பேச முடிந்ததென்றால், வழியில் தேய்ந்துபோகும் குரலை வால்வுகள் இடையிடையே பெருக்கிக் கொடுத்ததே காரணம்.

தொலைபேசிக்காக வளர்ந்த இந்தக் கலை விரைவில் திரைப்படக் கொட்டகைக்குள் நுழைந்தது. 1927இல் வெளிவந்த 'ஜாஸ் சிங்கர்' படத்திற்குப் பின் பேசும் படம் உலகெங்கும் பரவியது. அமெரிக்கக் கொட்டகைகள் பலவற்றில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கருவிகள் இடம்பெற்றன. அந்நிறுவனம் அவற்றை விற்கவில்லை, வாடகைக்கே கொடுத்தது. அதன் புகழ்பெற்ற வால்வுகளுள் 300ஏ 1933இலும், 300பி 1938இலும் வந்தன. அவ்வகை வால்வு ஒன்றைக்கொண்ட ஆம்பிளிபையர் தந்த ஆற்றல் சுமார் 8 வாட் மட்டுமே. இன்று ஒரு சிறிய வீட்டு வானொலிக்குக்கூட அதைவிட அதிகம் இருக்கலாம். ஆயினும் அன்றைய பெரிய கொம்பு ஸ்பீக்கர்கள் மிகக் குறைந்த மின்சாரத்தையும் உரத்த ஒலியாக்க வல்லவை. ஆதலால் அந்த 8 வாட் கொட்டகைக்குப் போதுமானதாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கதை இங்கிலாந்துக்குத் திரும்புகிறது. ஹெரால்டு லீக் என்பவர் 1945இல் 'பாயின்ட் ஒன்' என்ற ஆம்பிளிபையரை வெளியிட்டார். ஒலியில் நேரும் பிறழ்ச்சி நூற்றில் பத்தில் ஒரு பங்குதான் என்பதே அப்பெயரின் பொருள். 1947இல் வில்லியம்சன் என்ற பொறியாளர் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் 15 வாட் ஆம்பிளிபையர் ஒன்றின் வரைபடத்தை முழுமையாக வெளியிட்டார். பல நாடுகளில் ஆர்வலர்கள் அதைப் பார்த்துத் தாமே செய்துகொண்டனர். பின்னர் 1953இல், ஹன்டிங்டன் என்னும் ஊரிலிருந்து பீட்டர் வாக்கர் என்பவர் 'குவாட் இரண்டு' என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதுவும் 15 வாட்தான். எங்கள் மரப்பெட்டியில் இருந்தவை இவையே.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். 1953இல் இசைத்தட்டுகள் ஒற்றை ஒலியாகவே இருந்தன. வீட்டுக்கு ஓர் ஆம்பிளிபையர் போதும். இரட்டை ஒலி இசைத்தட்டுகள் 1958இல் கடைகளில் பரவியபோது, குவாட் வைத்திருந்தவர் இன்னொன்றும் வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரே வீட்டில் ஒன்றாக இருந்து வந்த இரட்டை, தனித்தனியே சேர்த்த இரண்டைவிட அருமையானது. இதையறியாமல் ஒன்றை மட்டும் விற்றுவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு.

இவ்வளவு சிறப்புடைய கருவிகளை மக்கள் ஏன் கைவிட்டார்கள்? 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேற்றும் கம்பி இல்லை. உடையக் கண்ணாடி இல்லை. பெரிய எடையும் இல்லை. குவாட் நிறுவனமே 1967இல் '303' என்ற டிரான்சிஸ்டர் ஆம்பிளிபையரை வெளியிட்டது. ஒரு பக்கத்திற்கு 45 வாட்! வால்வோ சூடாகிறது, சில ஆண்டுகளில் தேய்கிறது, மாற்றுவதற்குப் பணம் வேண்டும். எனவே அக்கால மக்கள் பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினார்கள். அவர்களை அறிவிலிகள் என்று நாம் எண்ணலாகாது. அன்றைய தேவைக்கு அவர்கள் செய்தது சரியே.

மேலும், புதியதன் ஒலி தாழ்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1978இல் குவாட் இரண்டையும், 303ஐயும், அதற்குப் பின் வந்த 405ஐயும் மறைவில் வைத்து, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் ஒரு குழுவினரைக் கேட்கச் செய்தனர். அவர்களால் உறுதியாக வேறுபடுத்திச் சொல்ல இயலவில்லை. அந்தச் சோதனை முடிவும் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழிலேயே வெளிவந்தது. நல்ல முறையில் செய்த ஆம்பிளிபையர் எதுவாயினும் தன் குரலைக் கலக்காமல் இசையை மட்டும் தரும் என்பது வாக்கரின் கொள்கை. வால்வின் ஒலியே இனியது என்று சொல்வோர் இன்றும் உள்ளனர். அந்த வழக்கைத் தீர்க்க நாம் இங்கு வரவில்லை.

இனி வரலாற்றின் திருப்பத்திற்கு வருவோம். 1953இல் சினிமாஸ்கோப் வந்ததும் கொட்டகைகளின் ஒலியமைப்பு மாறத் தொடங்கியது. பழைய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவிகள் மேடைக்குப் பின்னாலும் நிலவறையிலும் தூசியடைந்து கிடந்தன. பல, பழைய இரும்பாகப் போயின. அந்நேரத்தில் ஜப்பானிய இசையார்வலர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். 1970களில் இந்த வேட்டை மும்முரமாக நடந்தது. அமெரிக்கர் எடைக்குப் போட்ட பொருளை ஜப்பானியர் துடைத்து, செப்பனிட்டு, வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டார்கள். அதைப்பற்றி இதழ்களில் எழுதினார்கள். பிற நாட்டார் விழித்துக்கொண்டபோது அரிய கருவிகள் பல கடல் கடந்து போய்விட்டன. நம் செல்வத்தை அள்ளிச் சென்றார்களே என்று புலம்பியவர்கள் உண்டு. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியர் வாங்காதிருந்தால் அவற்றுள் பல இன்று எங்கே இருக்கும்? உலைக்களத்தில் உருகிப் போயிருக்கும்.

பிற்காலத்தில் தயாரிப்பாளர்களும் பழைமையின் மதிப்பை உணர்ந்தனர். 1961 முதல் 1973 வரை விற்பனையாகிய மெக்கின்டாஷ் 275 ஆம்பிளிபையர் 1993இல் மீண்டும் பிறந்தது. 1988இல் நின்றுபோன 300பி வால்வு 1990களின் இறுதியில் மறுபடியும் தயாரிக்கப்பட்டது. அப்படியானால் பழையதற்கு மதிப்புக் குறையவேண்டுமே? குறையவில்லை. முதலில் செய்த பொருளுக்கு உரிய இடம் வேறு.

ஒரு பழைய ஆம்பிளிபையரில் எது அருமை என்பதையும் தெரிந்துகொள்வோம். வால்வு அருமையன்று, ஸ்லோவாக்கியா, சீனா முதலிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்கிறார்கள். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டுப்போகின்றன. அவற்றை மாற்றியே ஆகவேண்டும். உயிர்நாடியாக இருப்பது டிரான்ஸ்பார்மர். செப்புக் கம்பியை அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றிய அந்தப் பகுதி எரிந்துபோனால் அதே தரத்தில் மீண்டும் பெறுவது கடினம். ஆகவே, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் பல ஆண்டுகள் கிடந்த கருவியை மின்சாரத்தில் செருகுவது பெருந்தவறு. கெட்ட கெப்பாசிட்டர் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரித்துவிடலாம். ஆபத்தும் உண்டு. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடும். நிறுத்திய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். மாணவர்களே, இதை மறக்கவேண்டாம். அத்தகைய கருவியின் மூடியை நீங்கள் திறக்கவே கூடாது.

இந்த வரலாற்றைப் படித்தபின் எங்கள் பள்ளியில் மீண்டும் கூடினோம். மூன்று கேள்விகளை முன்வைத்தோம்.

முதலாவது, நாம் கொடுப்பது இன்னதென்று நமக்குத் தெரியுமா? முன்பு தெரியாது, இப்போது தெரிந்தது.

இரண்டாவது, கொடுப்பதும் பெறுவதும் மீண்டும் கிடைக்குமா? வியாபாரி தருவதாகச் சொன்ன செட்டை எந்தப் பட்டணத்திலும் எந்த நாளிலும் வாங்கலாம். ஒரே வீட்டில் சேர்ந்திருந்த குவாட் இரட்டையை அப்படி வாங்க முடியாது. இந்தத் தராசில் வியாபாரியின் தட்டு மேலே போயிற்று.

மூன்றாவது கேள்விதான் எங்களைத் திணறவைத்தது. அந்தப் பொருள் யார் கையில் பிழைத்திருக்கும்? எங்கள் சாமான் அறையில் மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். கரையான் மரப்பெட்டியைப் பாதி தின்றுவிட்டது. கருவியோடு வரவேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லை. ஆதலால் மைக்கை நேரே இணைக்கவும் வழியில்லை. பெருமைக்காக வைத்திருந்தால் இன்னும் பத்தாண்டில் துருதான் மிஞ்சும். "மதிப்புள்ள பொருள் என்கிறீர்கள், சார். மழையில் நனையவிட்டால் அதற்கு என்ன மதிப்பு?" என்று தாய் ஒருவர் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இறுதியில் அவற்றை மாற்றுவதென்றே முடிவு செய்தோம். ஆனால் அந்த வியாபாரியிடம் அன்று. பக்கத்து ஊரில் நாற்பது ஆண்டுகளாக வானொலி பழுதுபார்த்து வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துக் காட்டினோம். டிரான்ஸ்பார்மர்கள் நான்கையும் அளந்து பார்த்துவிட்டு, "உயிர் இருக்கிறது, வாத்தியார் ஐயா" என்றார். அவர் பழுதுபார்த்து வைத்திருந்த நல்ல செட் ஒன்றை மைக்கோடு எங்களுக்குக் கொடுத்தார். மூன்று நிபந்தனைகளை எழுதிக் கையொப்பமிட்டோம். இரட்டையைப் பிரிக்கக்கூடாது. கைமாற்றுவதானால் முதலில் பள்ளிக்குச் சொல்லவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அதை இயக்கிக் காட்டவேண்டும்.

சென்ற மாதம் மாணவர்களை அழைத்துச் சென்றோம். விளக்கை அணைத்தார். வால்வுகளுக்குள் செந்நிறக் கம்பிகள் மெல்ல மெல்ல ஒளிவிட்டன. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அரை நிமிடம் சென்றபின் பழைய இசைத்தட்டு ஒன்று பாடத் தொடங்கியது.

வெளியூரில் விற்றிருந்தால் பள்ளிக்கு இன்னும் கூடுதல் பணம் கிடைத்திருக்கும் என்று எங்களைக் குறை கூறுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாற்றிய பொருளின் கணக்கு ஒரே நாளில் முடிவதில்லை என்பதைத்தானே இந்த வரலாறு காட்டுகிறது? ஆனால் அறியாமல் கொடுத்தோம் என்ற வருத்தம் எங்களுக்கு இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும், கோயில் சாமான் அறையிலும், பழைய மன்றங்களிலும் இத்தகைய பொருள்கள் கிடக்கலாம். யாரேனும் அவசரப்பட்டுக் கேட்டு வந்தால், ஒரு வாரம் தவணை கேளுங்கள். அந்த ஒரு வாரத்தில் அதன் பெயரையும் வரலாற்றையும் தேடிப் படியுங்கள். பிறகு கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.