பலகை வரை வரும் பாதை: தேசியச் சதுரங்கப் போட்டியும் கள்ளக்குறிச்சி மாவட்டமும்

இந்தியாவின் தேசியச் சதுரங்கச் சாம்பியன் போட்டி 1955-இல் ஆந்திரத்தின் ஏலூரில் தொடங்கியது. அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு உருவாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. முதல் பட்டத்தை ராமச்சந்திர சாப்ரேயும் டி. வெங்கையாவும் பகிர்ந்துகொண்டனர். தொடக்கத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த போட்டி, பின்னர் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. பட்டம் வென்றவர்களின் பெயர் வரிசை மட்டும் இதன் வரலாறு ஆகிவிடாது. அந்தப் பலகையின் முன் வந்து உட்கார யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதே இப்போட்டியின் எழுபதாண்டுக் கதையில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது.

இதற்கு முன்பும் அகில இந்தியப் போட்டி என்ற பெயரில் ஆட்டங்கள் நடந்ததுண்டு. 1928-இல் அப்படியொரு போட்டியில் வென்றவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபின் பெருநிலக்கிழார் ஒருவருடைய ஆதரவில் இங்கிலாந்து சென்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தைக் கைப்பற்றினார். அவர் கற்று வளர்ந்தது நாட்டு விதிகளில். அவற்றின்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் செல்லும். ராஜா ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோல் பாயலாம். ஊர்த் திண்ணைகளில் இவ்விதிகள் நெடுங்காலம் நிலைத்திருந்தன. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு போட்டி என்றால் சர்வதேச விதிகளுக்கு மாறியாக வேண்டும். திண்ணையில் தேர்ந்த பலருக்கு அதுவே முதல் தடையாக இருந்தது.

மாறியவர்களில் தலையாயவர் மானுவல் ஆரோன். 1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1959-க்கும் 1981-க்கும் இடையில் ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றார். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சதுரங்கத்துக்கான முதல் அர்ஜுனா விருதும் அவருக்கே கிடைத்தது. அவருடைய வெற்றிகளைவிட அவர் உருவாக்கிய சூழலே தமிழ்நாட்டுக்குக் கூடுதலாகப் பயன்பட்டது எனலாம். 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. பிற இடங்களில் கிடைக்காத ருஷ்யப் புத்தகங்களும் இதழ்களும் அங்கே கிடைத்தன. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகியதும் அங்கேதான்.

1976-ஆம் ஆண்டைத் தனியே நோக்க வேண்டும். போபாலைச் சேர்ந்த தச்சுத் தொழிலாளி முகமது ரஃபீக் கான், தகுதிச் சுற்றான ‘தேசிய பி’ பிரிவில் 15 ஆட்டங்களில் 13 புள்ளிகள் எடுத்தார். 1980-இல் மால்டா ஒலிம்பியாடில் தம் பலகையில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். ஆங்கிலப் புத்தகமும் பயிற்சியாளரும் இல்லாத ஒருவர் மேலே வர முடிந்ததற்கு, வசதி பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்த அந்தத் தகுதிச் சுற்றே காரணம். பெண்களுக்கான தேசியப் போட்டி 1974-இல் பெங்களூரில் தொடங்கி, வாசந்தி காடில்கர் முதல் பட்டத்தை வென்றிருந்தார். அவருடைய தங்கை ரோகிணி 1976-இல் ஆண்களின் தேசியப் போட்டியில் ஆடினார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் வந்தது. பெண் என்பதற்காக ஒருவரைத் தடுக்க முடியாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே தெளிவுபடுத்தினார். இந்த இரு நிகழ்வுகளும் அவ்வாண்டுப் பட்டத்தைவிடப் பெரியவை.

அதே 1976-இல்தான், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலை, ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. ஏலூரில் முதல் தேசியப் போட்டி நடந்தபோது மலைவாழ் மக்கள் ஜாகிர்தார்களுக்கு வரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியும் சாலையும் அரசு நிர்வாகம் வந்த பிறகே மெல்ல மெல்ல மலையேறின. பள்ளி இல்லாத இடத்தில் பள்ளிப் போட்டி இல்லை. பள்ளிப் போட்டி இல்லாத இடத்திலிருந்து மாநில அணிக்கு ஆள் வருவதும் இல்லை.

ஆனந்த் 1986-இல் பதினாறு வயதில் தேசியச் சாம்பியன் ஆனார். 1988-இல் கோயம்புத்தூரில் நடந்த போட்டியை வென்று இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வெளிநாட்டுப் போட்டிகளின் காலம் அத்துடன் தொடங்கியது. தேசியப் பட்டம் ஒரு வீரரின் சிகரமாக இருந்த நிலை மாறி, தொடக்கப் படிகளில் ஒன்றாயிற்று. சூர்ய சேகர் கங்குலி 2003 முதல் 2008 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றது தனிச் சாதனை. பின்னர் எஸ்.பி. சேதுராமன், முரளி கார்த்திகேயன், அரவிந்த் சிதம்பரம் எனத் தமிழ்நாட்டுப் பெயர்கள் வரிசையில் நிறைந்தன. முன்னணி வீரர்கள் சிலர் மட்டும் ஒருவரோடொருவர் மோதும் பழைய முறையும் மாறியது. சம புள்ளியில் இருப்பவர்களை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடும் சுவிஸ் முறை அண்மையில் வந்ததால், பெரும் எண்ணிக்கையில் வீரர்கள் ஒரே அரங்கில் ஆட முடிகிறது. 2025-இல் குண்டூரில் பட்டம் வென்றவர் ஈரோட்டைச் சேர்ந்த பா. இனியன்.

இந்த ஏணியின் அடிப்படி மாவட்டம். மாவட்டத் தேர்வில் தேறியவர் மாநிலப் போட்டிக்கும், அங்கே தேறியவர் தேசியப் போட்டிக்கும் செல்வர். ஆகவே மாவட்டத் தலைநகர் எங்கே இருக்கிறது என்பது விளையாட்டு வரலாற்றுக்கும் உரிய செய்தி. கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு 1993 வரை தென்னார்க்காட்டின் கடலூரும், அதன்பின் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழுப்புரமும் தலைநகராக இருந்தன. கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து ஒரு சிறுவன் காலை முதல் சுற்றுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் முதல் நாளே பேருந்து ஏற வேண்டும். துணைக்கு வரும் தந்தைக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகும். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அந்தத் தொலைவு பெருமளவு சுருங்கியது.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது ஒலிம்பியாடை ஒட்டி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி, வட்டாரம், மாவட்டம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடத்தப்பட்டன. ஊர்ப் பிள்ளைகள் காசு கட்டிக் கழகத்தில் சேராமலேயே கடிகாரம் வைத்து ஆடும் முறையான ஆட்டத்துக்குள் வர அது வழிசெய்தது. அடுத்த படி இன்னும் செங்குத்தானது. உலகக் கூட்டமைப்பின் தரப்புள்ளி பெற, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பலமுறை ஆட வேண்டும். அத்தகைய போட்டிகள் சென்னையிலும் பெருநகரங்களிலும் குவிந்திருக்க, நுழைவுக் கட்டணமும் தங்கும் செலவும் வீட்டார் தலையில் விழுகின்றன. கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ தரப்புள்ளிப் போட்டிகள் ஆண்டுதோறும் நடந்தால், மலையின் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பி ஆடலாம்.