பிராங்க்பர்ட் மேடையும் குடியாத்தம் தரையும்

சின்ன சமையலறைக்கு இலக்கணம் வகுத்தவர் என்று ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கியைச் சொல்லலாம். 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் 70 சதுர அடி. அந்த ஊரில் சுமார் 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். குடியாத்தத்தில் கைலி நெய்யும் வீட்டில் தறிக்கு இடம் விட்டது போக அடுப்படிக்கு இதைவிட அதிகம் மிஞ்சுவது அபூர்வம்.

லிஹோட்ஸ்கி சுவரை நம்பினார். அரிசி, சர்க்கரை எல்லாம் சுவரோரத்து அலுமினிய இழுப்பறைகளுக்குள் போயின. துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடிந்தது. ஜன்னலடி மேசையில் எந்தப் பொருளும் நிரந்தரமாகக் குடியிருக்காது; காய்கறிக் கழிவைத் தள்ளிவிட அந்த மேசையிலேயே ஒரு வழியும் இருந்தது.

நம் பாட்டிமார் தரையை நம்பினார்கள். கீரை ஆய்வதும், முறத்தில் அரிசி புடைப்பதும், அருவாமனையில் காய் நறுக்குவதும் உட்கார்ந்த இடத்திலேயே நடந்தன. வேலை முடிந்து அருவாமனையைச் சுவரில் சாத்தினால் இடம் திரும்பக் கிடைத்துவிடும். அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை. புகையும் முதுகுவலியும் பெண்கள் தலையிலேதான் விழுந்தன. ஆனால் அங்கே இடத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

கேஸ் வந்ததும் எழுந்து நின்றோம். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே கடப்பாக்கல்லில் இரண்டடி அகல மேடை. 2006-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு இலவச கேஸ் அடுப்பு தந்தது. 2011-இல் ஜெயலலிதா அரசு மிக்சியும் கிரைண்டரும் தந்தது. கை வலி குறைந்தது உண்மை. ஆனால் மூன்றும் மேடையிலேயே குடியேறிவிட்டன, கூடவே தண்ணீர்க் குடமும் எண்ணெய் டப்பாக்களும். ஷூ கம்பெனி வண்டியைப் பிடிக்க விடியுமுன் சோறு கட்டும் பெண்ணுக்கு நாலு டிபன் பாக்ஸைத் திறந்துவைக்க இடமில்லை.

பிராங்க்பர்ட்டிலிருந்து நாம் மேடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காலியாக வைத்திருந்த இழுப்பறைகளை விட்டுவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜெர்மன் சமையலறையிலும் ஜன்னலடி மேசைக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. நறுக்கும் வேலையை அங்கேயும் உட்கார்ந்துதான் செய்தார்கள்.

சொந்த வீடென்றால் லிஹோட்ஸ்கி வழி நல்லது. சுவரில் கீல் வைத்த மடக்குப் பலகை ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டியை மூடுமளவுக்கு இன்னொரு பலகை. உள்ளூர்த் தச்சர் செய்துவிடுவார். வாடகை வீட்டில் ஆணி அடித்தாலே பேச்சு வரும். அங்கே தரைதான் கைகொடுக்கும். கிரைண்டர் இட்லி மாவுக்கு வாரத்தில் ஓரிரு முறைதானே ஓடுகிறது? அது தினமும் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பிளக் எட்டும் இடத்தில், தண்ணீர் தேங்காத ஓரமாக ஒரு குட்டை ஸ்டூலில் இறக்கிவையுங்கள். காயை வாசல் திண்ணையில் நறுக்கலாம். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நாற்காலியும் மடியில் ஒரு தாம்பாளமும் போதும்.

மேடையை நீட்ட இன்னொரு கல் போடுவது மட்டும் வேண்டாம். அது நடக்கும் வழியைத் தின்னும். மாதம் முடிவதற்குள் அதன்மேலும் டப்பாக்கள் ஏறிவிடும். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் கிரைண்டரை இறக்கிப் பாருங்கள்.