கமக்காரர் அமைப்புகள் (வன்னி)

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் உழவர்கள் நீர், பயிர் பற்றிய முடிவுகளில் பங்கேற்கும் ஊர்மட்ட அமைப்புகள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவு பெறுபவை. இவை தவிர, கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் வீதி, கிணறு, பொதுநோக்கு மண்டபம் போன்ற தேவைகளைப் பிரதேச செயலகத்திடம் முன்வைக்கின்றன. எனினும் இங்கே திட்டமிடலின் மையம் குளந்தான்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு (கோடைகாலப் பயிர்ச்செய்கைக்கு) முன் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீர் திறப்பது, கால்நடைகளை எப்போது வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவது என்பன அங்கே முடிவாகும். நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலுக்கும் பங்கு கிடைக்காது. அப்போது கூட்டத்தில் சூடு பறப்பது வழமை.

கமக்காரர் அமைப்புகளின் வலு வெளிப்பட்டது குடிநீர் விடயத்தில். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் நிதி ஒதுக்கியது. சிறுபோகம் பாதிக்கப்படும் எனக் கமக்காரர் எதிர்த்தனர். பின்னர் அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024இல் திறக்கப்பட்டது.

காணிப் பிரச்சினையில் ஊர்மக்கள் குரல் கொடுத்தது இத்தகைய கூட்டங்களில் அன்று. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் இராணுவம் வைத்திருந்த தமது நிலத்தைக் கேட்டு 2017இல் மக்கள் வீதியோரம் அமர்ந்தே போராடினர். ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது.