தாமிரபரணிக் கரையின் தெருப் பண்டங்கள்: ஸ்ரீவைகுண்டம் முதல் தூத்துக்குடி வரை

பழைய நகரொன்றின் தெருக்களில் வழிகாட்டியோடு நடந்து, கடைக்குக் கடை நின்று, அவ்வூர்த் தின்பண்டங்களை உண்டபடியே அவற்றின் வரலாற்றையும் கேட்டறியும் உணவு நடை, இன்று இத்தாலிய நகரங்களில் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், பல்லாரோ, காப்போ, வுச்சிரியா என்னும் பழஞ்சந்தைகளின் வழியே அழைத்துச் செல்லப்படும் பயணி, கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லேயையும் மாட்டு மண்ணீரல் வைத்த ரொட்டியையும் தின்று முடிப்பதற்குள், 9ஆம் நூற்றாண்டில் அங்கே தொடங்கிய அரபு ஆட்சியைப் பற்றியும் அதன் பின் வந்த நார்மானியரைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொண்டுவிடுகிறார். இது அண்மைக்காலச் சுற்றுலாவின் கண்டுபிடிப்பு என்று கருதப்பட்டாலும், முன்னே சென்று வந்தவர் பின்னே செல்பவருக்கு வழியையும் அவ்வழியில் கிடைக்கும் உணவையும் சேர்த்தே சொல்லும் வழக்கம் தமிழகத்துக்கு மிகப் பழையது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை முழுவதும் அவ்வழக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை எதிர்ப்பட்டு, அந்த வள்ளலிடம் செல்லும் வழியை எடுத்துச் சொல்வதே ஆற்றுப்படையின் அமைப்பு. நல்லூர் நத்தத்தனார் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட உலர்மீனும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும் என்று, நிலம் மாற மாற உணவு மாறுவது வரிசை பிழையாமல் சொல்லப்படுகிறது. அந்நூலிலேயே பாண்டியனைக் குறிக்குமிடத்தில், உப்பு வணிகரான உமணரின் வண்டியோடு வந்த குரங்கு முத்துகளை வைத்து விளையாடும் காட்சியோடு கொற்கையும் இடம்பெறுகிறது. இன்று ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக்குக் கிழக்கே கடலை விட்டு விலகிச் சிற்றூராகக் கிடக்கும் கொற்கை, அக்காலத்தில் முத்தும் உப்பும் கைமாறிய துறைமுகமாக இருந்தது.

ஆற்றுப்படைகளில் வரும் உணவு விலைக்கு விற்கப்பட்டதன்று, விருந்தாக இடப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. விலைக்கு விற்கப்பட்ட தெரு உணவைப் பார்க்க விரும்புவோர் மதுரைக்காஞ்சிக்குச் செல்ல வேண்டும். நாளங்காடி எனப்பட்ட பகற்கடைத் தெருவையும் அல்லங்காடி எனப்பட்ட இரவுக்கடைத் தெருவையும் விரித்துரைக்கும் மாங்குடி மருதனார், மெல்லிய அடையும் பூரணம் பொதிந்த மோதகமும் செய்து விற்ற கூவியர் என்போர், நள்ளிரவில் விற்பனை ஓய்ந்தபின் உறங்கிப் போவதையும் விடாமல் பதிவு செய்திருக்கிறார். விருந்தாக இடப்படும் உணவு, விலைக்கு விற்கப்படும் உணவு என்னும் இவ்விரு மரபுகளும் தாமிரபரணியின் கீழ்க்கரையில் பக்கம் பக்கமாகவே நடந்து வந்திருக்கின்றன.

திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, ஆற்றின் வடகரையில் அமைந்த ஸ்ரீவைகுண்டம், நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியைச் சூழ்ந்திருக்கும் ஒன்பது திருமால் தலங்களாகிய நவதிருப்பதிகளுள் முதலாவதாக எண்ணப்படுவது. ஊரின் பழமை கோயிலோடு நிற்பதில்லை. அருகிலுள்ள ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டை 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளுக்குள் வைக்கப்பட்டிருந்த கலங்களில் நெல்லுமியும் சிறுதானிய உமியும் கிடைத்ததைக் குறித்திருக்கிறார். இறந்தவருக்கும் உணவு வைத்தனுப்பிய மக்கள் வாழ்ந்த நிலம் அது. பிற்காலத்தில் ஆற்றின் கடைசி அணையாக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததும், அதன் வடகால், தென்கால் பாசனத்தால் நெல்லும் வாழையும் வெற்றிலையும் பெருகின.

இப்பகுதியில் உணவு நடைக்கு வழித்தடம் வகுத்துத் தந்தவை கோயில் திருவிழாக்களே. வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாளில் ஒன்பது தலங்களின் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளி, ஒன்பது கருட வாகனங்களில் காட்சி தர, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்கிறார். இந்த ஒன்பது கருட சேவையைக் காண ஊர் ஊராக நடந்தும் வண்டி கட்டியும் வந்த கூட்டத்தை நம்பியே வீதியோரக் கடைகள் முளைத்தன. கோயிலுக்குள் தரப்படும் பிரசாதமும் கோயிலுக்கு வெளியே விற்கப்படும் பண்டமும் ஒரே பயணியின் கையில் வந்து சேர்ந்தாலும், அவற்றின் மூலப்பொருள் வேறு, செய்யும் கை வேறு. உள்ளே ஆற்றுப் பாசனத்தின் அரிசியும் பருப்பும் நெய்யும். வெளியே பெரும்பாலும் பனை.

பனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தூத்துக்குடி மாவட்டத் தெருப் பண்டங்களின் முதுகெலும்பு அதுதான். ஆற்றுப் பாசனம் எட்டாத தென்கரைக்கு அப்பால், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் நெல் விளைவதில்லை. அங்கே பனையேறி எனப்படும் தொழிலாளர், நாளுக்கு இருமுறையேனும் மரம் ஏறி, பாளை அரிவாளால் பாளையின் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டி வருகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடியும் சாறு புளிக்காமல் பதநீராகிறது, தடவாவிட்டால் கள்ளாகிறது. அந்தச் சுண்ணாம்பு கடற்சிப்பிகளைச் சுட்டெடுத்தது என்பதால், கடற்கரையின் தொழிலும் தேரிக்காட்டின் தொழிலும் ஒரு கலயத்துக்குள் வந்து கூடுகின்றன. தெருவில் விற்கப்படும் பதநீர், குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றப்பட்டு, நுங்கைச் சீவிப் போட்டுத் தரப்படுகிறது. பட்டையின் விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கையில் ஓலையின் பச்சை மணமும் சேர்ந்தே இறங்கும். குடிக்காமல் எஞ்சும் பதநீரைப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் சருகும் எரித்து, பதம் வரும்வரை கிண்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் வார்த்தெடுக்கும் வெல்லமே கருப்பட்டி. இதில் உடன்குடிக் கருப்பட்டி பேர்பெற்றது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. மரமேறும் ஆணின் உழைப்பு ஓரளவாவது பேசப்படும் அளவுக்கு, அடுப்பின் முன் புகையில் நின்ற பெண்ணின் உழைப்பு எழுத்தில் ஏறவில்லை.

திருவிழாக் கடைகளில் கருப்பட்டி பெறும் சிறந்த வடிவம் கருப்பட்டி மிட்டாய். பச்சரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவைத் துளையிட்ட துணியிலோ சிரட்டையிலோ எடுத்து, கொதிக்கும் எண்ணெயில் முன்னும் பின்னுமாகப் பிழிந்து, வெந்ததும் சுக்கு மணக்கும் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பார்கள். ஏணியைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பிழிவதால் ஏணி மிட்டாய் என்றும் அதற்குப் பெயருண்டு. சீனிப் பாகில் முக்கினால் அது சீனி மிட்டாய். பனையின் பருவமும் திருவிழாவின் நாளும் பொருந்தியிருப்பது கவனிக்கத்தக்கது: சித்திரை, வைகாசி விழாக்களுக்கு நுங்கும் பதநீரும், தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கும், ஆண்டு முழுவதற்கும் கருப்பட்டியும் என ஒரே மரம் தெருவை நிரப்பி வந்திருக்கிறது.

நடையின் இடையே வாயில் நிற்பது வெற்றிலை. வெனிசு நகரத்தவரான மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்திலிருந்த காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொல்கையில், அவ்வூர் மக்கள் எப்போதும் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பதைத் தனியே எடுத்துரைக்கிறார். இத்தாலியர் ஒருவர் இக்கரையின் தெருவில் கண்ட உணவுப் பழக்கத்துக்குக் கிடைக்கும் அரிய சான்று இது. அவர் குறித்த ஊர் பழையகாயலே என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் நிறுவ முயன்றார். பழையகாயலுக்கு அருகே தாமிரபரணித் தண்ணீரில் விளையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

தூத்துக்குடிக்குள் நுழைந்ததும் மூலப்பொருள்களே மாறிவிடுகின்றன. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறையில் காலூன்றிய போர்த்துக்கீசியர் 1658 வரை அங்கே செல்வாக்கோடு இருந்தனர். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்தனர். இன்று ஊரின் அடையாளமாகிவிட்ட மக்ரூன், முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றால் ஆனது. வெள்ளைக்கருவை நுரை தளும்பாமல் நிற்கும்வரை அடித்து, சீனியையும் பொடித்த முந்திரியையும் கலந்து, காகிதக் கூம்பிலிட்டுக் கூர்நுனி எழும்படி பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் உலர விடுவதே அதன் செய்முறை. சூடு சற்று மிஞ்சினாலும் வெண்மை பழுப்பாகிவிடும். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்யப்படும் பண்டத்தின் இந்த வடிவத்தைப் போர்த்துக்கீசியரே தந்தனர் என்பது பரவலான பேச்சு. ஆனால் உறுதியாக அவர்கள் கணக்கில் எழுதத்தக்கது பிரேசிலிலிருந்து அவர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முந்திரி மரம்தான். மக்ரூனை மக்ரூனாக்கியது தூத்துக்குடி அடுமனைத் தொழிலாளரின் கைத்திறம், அப்பெருமையை அவர்களுக்கே அளிப்பது முறை.

கடல்வழித் தொடர்பு இப்பட்டியலை மேலும் நீட்டியது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது முதல், 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை, கொழும்புக்குச் செல்வோரின் முதன்மைத் துறை தூத்துக்குடிதான். தேங்காய்ப்பாலில் கிண்டப்படும் முதலூர் மஸ்கோத் அல்வா இலங்கைப் போக்குவரத்தின் வழியே வந்ததாகவே கூறப்படுகிறது. 1908இல் வேலைநிறுத்தத்தால் நாடறிந்த கோரல் ஆலையின் தொழிலாளர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், உப்பளத்தில் வெயிலில் நின்றோர் ஆகியோரின் பசிக்கு, மைதா மாவு பெருகிய பின் பரோட்டா வந்து சேர்ந்தது. மாலையில் திறந்து நள்ளிரவு வரை நடக்கும் பரோட்டாக் கடைகளுக்கு இவ்வூரில் நைட் கிளப் என்று பெயர். கூவியரின் அல்லங்காடியை இன்று எங்கே காணலாம் என்று கேட்பவருக்கு இக்கடைகளையே காட்ட வேண்டும்.

இந்த வழித்தடம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டத்திலேயே, மண்கோட்டைக்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் சமூகத்துப் பெண்கள் அண்மைக்காலம் வரை கோட்டையை விட்டு வெளியே வராமலே வாழ்ந்தனர். அவர்களுக்குத் தெருவே இல்லை. ஆற்றின் மேல்பகுதியிலுள்ள சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி வைத்தது 1920களில் பெரும் கிளர்ச்சியைத் தூண்டியது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் பெரியாரின் இயக்கத்துக்குப் பிறகு 1941இல்தான் நீங்கியது. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாராமல் தள்ளுவண்டியின் முன் நின்று உண்ணும் உரிமை, போராடிப் பெற்ற உரிமைகளுள் ஒன்று.

திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதை 1923இல் திறக்கப்பட்டபின் நடைவழிப் பயணம் சுருங்கியது. நடப்போருக்காக இருந்த சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் மெல்ல மறைந்தன. ஆயினும் இடும் மரபு அழியவில்லை. 2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையால் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் விரைவு ரயில் சிக்கி நின்றபோது, சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருக்க, நிலையத்தை அடுத்த மேலப்புதுக்குடி மக்கள் தம் வீடுகளிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து ஊர்க்கோயிலில் சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர்.

சென்னையிலும் மதுரையிலும் வழிகாட்டியோடு செல்லும் உணவு நடைகள் இன்று நடக்கின்றன. நவதிருப்பதிக்கு வரும் பேருந்துகளோ ஒன்பது கோயில்களையும் ஒரே பகலில் முடித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பயணிகளுக்குப் பட்டையில் பதநீர் குடிக்கவும் நேரமிருப்பதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி ஆழ்வார்திருநகரி, ஆத்தூர், பழையகாயல் வழியே தூத்துக்குடியில் முடியும் வழித்தடம் ஒன்றை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சிகளும் வகுக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளுக்கே ஒதுக்கியிருக்கிறது. அவ்வழித்தடத்தை வகுக்கும் பணியில் பனையேறிகளையும், கருப்பட்டி காய்ச்சும் பெண்களையும், மிட்டாய் பிழிவோரையும், அடுமனைத் தொழிலாளரையும் முதலில் அமர்த்தி, வழிகாட்டும் வேலையையும் அதன் ஊதியத்தையும் அவர்களுக்கே தர வேண்டும்.