பெரிய கோயில் விமானத்தில் ஏறிய தியோடலைட்

பொறியியல் கல்லூரிகளில் ஜிஐஎஸ் பயிலரங்கு என்றால் செயற்கைக்கோள் படத்தில்தான் ஆரம்பிப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பேசக் கூப்பிட்டால் நான் 1808-இல் ஆரம்பிப்பேன்.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், ஆறு வருஷம் கழித்துக் காவிரி டெல்டாவுக்கு வந்தார். அவரிடம் இருந்தது லண்டனில் வில்லியம் கேரி செய்த, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட். கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாக மெட்ராசுக்கு அனுப்பி வைத்தார்கள்.

முக்கோண அளவைக்கு ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மைசூர்ப் பக்கம் குன்றுகள் உண்டு. டெல்டாவில் ஏது? வயல், தென்னை, பனை, மூங்கில். கணக்கு போட்டுப் பாருங்கள். தரையில் நிற்கிறவருக்குத் தொடுவானம் 5 கி.மீ.க்குள் முடிந்துவிடும். 60 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 27 கி.மீ. எதிரிலும் ஒரு கோபுரம் இருந்தால் இன்னும் தூரம். ஆகவே கோயில் கோபுரங்கள்தான் அவருக்கு மலை.

பெரிய கோயில் விமானத்தில் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதியது. கோணம் அளக்கும் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவர் என்றால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் ஒரு பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறே வாரத்தில் ஓரளவு பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார்.

எல்லோரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியம், கருவி மோதிய அதே கோயிலின் கல்வெட்டுகளில் இன்னொரு நில அளவை இருப்பது. 1001-ஐ ஒட்டி ராஜராஜன் நாட்டை அளக்கச் சொன்னான். அளந்த அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்றே பட்டம். கல்வெட்டுக் கணக்கில் ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை போகிறார்கள். இன்றைய டெல்டா வழக்கில் ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்படிப் பார்த்தால் அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர்தான்! 'சோழர்கள் மில்லிமீட்டர் துல்லியமாக அளந்தார்கள்' என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நான் ஏற்கவில்லை. எந்தக் கோலாலும் அப்படி அளக்க முடியாது. 320-இன் நான்காம் அடுக்கை 5-ஆல் பெருக்கினால் சரியாக அந்த எண் வரும். நம் முந்திரி 1/320. அதன் கீழ், அதற்கும் கீழ் என்று பின்னத்தை வெட்டாமல் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். துல்லியம் கணக்கரிடம் இருந்தது, கோலில் அல்ல. மென்பொருள்காரன் மொழியில் சொன்னால், ரவுண்ட் ஆஃப் பண்ண மறுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்துக்குத்தான் வரி. நாம் இன்று லேயர் லேயராகப் போடுகிற அதே வேலை. லாம்ப்டனின் முக்கோணத்தில் இந்த வாய்க்கால் கிடையாது. அவருக்கு வேண்டியது பூமியின் வளைவு. விவசாயிக்கு வேண்டியது வாய்க்கால் எங்கே போகிறது என்பது. மேடு பள்ளம் தெரியாத இந்தச் சமவெளியில் சில அங்குலம் மாறினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது.

அதனால் பயிலரங்கு மாணவர்களுக்கு என் யோசனை இது. கல்வெட்டில் வரும் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கழித்த குளத்தையும் வாய்க்காலையும் சுடுகாட்டையும் பட்டியல் போடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் கிராம வரைபடத்தை விரித்து, எது இன்னும் அந்தப் பெயரில் இருக்கிறது, எது மனைப் பிரிவாகிவிட்டது என்று குறியுங்கள். பிறகு வரைபடத்தோடு ஊருக்கே போய், நீர் பாய்ச்சுகிறவரிடம் காட்டுங்கள்.